சம்பளம் போதாதது யார் குற்றம்?



கோயில் மண்டபத்தில் சந்திக்கும்போது நாம் ஒருவரையொருவர் பலவற்றை விசாரிக்கிறோம். பிள்ளை எந்த வகுப்புக்கு வந்துவிட்டான், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் "சம்பளம் மாத முடிவுவரை தாங்குகிறதா?" என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. கேட்டாலும் "பரவாயில்லை, ஏதோ போகிறது" என்பதற்கு மேல் பதில் வராது. நோயைப் பற்றிப் பேசலாம். காணி வழக்கைப் பற்றிப் பேசலாம். பிள்ளையின் பிடிவாதத்தைப் பற்றியும் பேசலாம். கையில் காசு போதாததைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்பது நம்மிடையே எழுதப்படாத ஒரு விதி.

அது குற்றம் என்று நாம் உள்ளூர நம்புவதே இந்த மௌனத்துக்குக் காரணம். சம்பாதிக்கத் தெரியாதவனுக்கோ, செலவழிக்கத் தெரியாதவளுக்கோதான் பற்றாக்குறை வரும் என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா? சம்பளம் போதாமற் போவது ஒருவரின் ஒழுக்கக் குறைவா? இல்லையென்றால், அதற்காக வெட்கப்பட வேண்டியவர் யார்? இக்கேள்விகளைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம். கணக்கெழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, எந்த வழக்கையும் முதலில் இலக்கங்களைக் கொண்டு பார்ப்பதே பழக்கம். ஆனால் இந்த வழக்கு இலக்கங்களோடு முடிவதில்லை.

பழைய பாடம்

நம் பெற்றோர் தலைமுறையில் 'பாமா விஜயம்' என்ற படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1967ஆம் ஆண்டு கே. பாலசந்தர் எடுத்தது. அடுத்த வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறார். அவர் முன்னிலையில் வசதியானவர்களாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூன்று மருமகள்மாரும் போட்டி போட்டுக்கொண்டு தகுதிக்கு மிஞ்சிச் செலவு செய்து வீட்டைக் கடனில் ஆழ்த்துகிறார்கள். இறுதியில் வயதான தகப்பனார் புத்தி புகட்டுகிறார். படம் ஓடியதும் சிரித்ததும் இருக்கட்டும், அது சொன்ன பாடம் நம் வீடுகளில் இன்றும் வேதவாக்காக இருக்கிறது: கடன் வருவது ஆடம்பரத்தால், ஆடம்பரத்தை விட்டால் கடன் போய்விடும்.

இப்பாடம் பொய்யல்ல. அந்தக் குடும்பத்துக்கு அது முற்றிலும் பொருந்தியது. ஏனென்றால் அங்கே மூன்று சம்பளங்கள் வந்தன. அவை போதுமானவையாக இருந்தன. போதுமான வருமானம் உள்ள வீட்டில் பற்றாக்குறை வந்தால் செலவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக்கினால் பெரிய அநியாயம் நிகழ்கிறது. வருமானமே போதாத வீட்டுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது, காய்ச்சல்காரனுக்கு நடத்தையைத் திருத்திக்கொள் என்று அறிவுரை கூறுவதற்கு ஒப்பாகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் வாழும் நியூ ஜேர்சி மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி இங்கே குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 15 டொலர் 49 சதமாக உயர்ந்தது. வாரத்துக்கு 40 மணி, வருடத்துக்கு 52 வாரம், ஒரு நாளும் சம்பளமில்லாத விடுமுறை எடுக்காமல் ஒருவர் உழைத்தால் கிடைப்பது 32,219 டொலர். அதே 2025இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மத்திய அரசு வகுத்த வறுமைக் கோடு 32,150 டொலர். வித்தியாசம் 69 டொலர். அதாவது பெற்றோல் நிலையத்திலோ கடையிலோ வருடம் முழுவதும் நிற்கும் ஒரு தகப்பன், மனைவி சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால், அரசாங்கக் கணக்கின்படி 69 டொலரால் ஏழையல்ல. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதம் மட்டுமே 2,400 டொலருக்கு மேல் வரும் என்பதை அந்தக் கோடு கணக்கிலெடுப்பதில்லை.

டெக்சாஸில் உள்ள நம் உறவினரின் நிலை வேறு. அங்கே இன்றும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிதான். அது 2009ஆம் ஆண்டு யூலை மாதம் 7 டொலர் 25 சதமாக நிர்ணயிக்கப்பட்டது, அதன்பின் அசையவில்லை. அந்தக் கூலியில் கணவன் மனைவி இருவருமே முழுநேரம் உழைத்தாலும் ஆண்டுக்கு 30,160 டொலர்தான். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரு சம்பளமும் சேர்ந்தே வறுமைக் கோட்டுக்குக் கீழே நிற்கும். மறுபுறம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைப் பாருங்கள். 2018இல் சான் பிரான்சிஸ்கோவையும் அதை அடுத்த சான் மட்டேயோ, மரின் பகுதிகளையும் பொறுத்தவரை, ஆண்டுக்கு 117,400 டொலர் பெறும் நால்வர் குடும்பத்தையும் மத்திய அரசின் வீடமைப்புத் திணைக்களம் குறைந்த வருமானக் குடும்பம் என்றே வகுத்தது. ஊரில் இத்தொகையைச் சொன்னால் நம்மைக் கோடீசுவரர் என்பார்கள்.

அந்த வறுமைக் கோடு எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. அதைக் கணக்கிட்டவர் மொலி ஒர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி. குடியேறிய குடும்பமொன்றில் பிறந்து நியூயோர்க்கில் வறுமையிலே வளர்ந்தவர். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணிபுரிந்தவர். 1955ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றின்படி அமெரிக்கக் குடும்பங்கள் தம் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே 1963இல் அவர் மிகச் சிக்கனமான உணவுச் செலவை எடுத்து, அதை மூன்றால் பெருக்கினார். 1969இல் அரசு அதை உத்தியோகபூர்வ அளவாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் விலைவாசிக்கேற்ப இலக்கம் ஏறியதே தவிர, அடிப்படை மாறவில்லை. இன்று நம்மவர் வீட்டுக் கணக்கில் அரிசி பருப்பா முதலிடத்தில் நிற்கிறது? வாடகை, வாகனக் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி, பிள்ளைப் பராமரிப்பு ஆகியவை நிற்கின்றன. நியூ ஜேர்சியில் வீட்டு வரி 2024இல் சராசரியாக 10,000 டொலரைத் தாண்டிவிட்டது. சொந்த வீடு இல்லாதவர் அதிலிருந்து தப்பினார் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்தே வாங்குகிறார்.

இன்னுமொரு மயக்கம் உண்டு. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்நாட்டின் பணவீக்கம் 9.1 சதவீதமாயிற்று, 40 ஆண்டுகளில் காணாத உயர்வு. பின்னர் பணவீக்கம் குறைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே "விலை குறைந்துவிட்டதே, இன்னும் ஏன் கஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்தது விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே இருக்கிறது. படியேறுவதை மெதுவாக்கியவன் கீழே இறங்கிவிட்டான் என்று யாராவது சொல்வார்களா?

வேலை செய்தும் போதாதவர்களைக் கணக்கெடுக்கும் முயற்சி ஒன்று நம் மாநிலத்திலேயே, 2009இல் மோரிஸ் கவுண்டியில், யுனைட்டெட் வே அமைப்பால் தொடங்கப்பட்டது. அத்தகைய குடும்பங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆலிஸ்'. சேமிப்புச் சொற்பம், வருமானம் நெருக்கடி, ஆனால் வேலையில் இருப்பவர்கள் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கு முறை பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. சோம்பேறிகளைப் பற்றிய கணக்கல்ல இது. அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியது.

ஆகவே முதற் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆடம்பரத்தால் வரும் பற்றாக்குறை உண்டு. அதற்கு அவரவரே பொறுப்பு. ஆனால் உழைப்பின் விலை ஒரு வேகத்திலும் வாடகையின் விலை வேறொரு வேகத்திலும் போவதால் வரும் பற்றாக்குறையும் உண்டு. அதற்கு வெட்கப்பட எவருக்கும் காரணமில்லை. வெட்கம் செயலுக்கு உரியது, நிலைமைக்கு உரியதல்ல.

பொதுவான பஞ்சமும் தனியான பஞ்சமும்

இவ்வளவும் தெரிந்தபின்னும் வெட்கம் போவதில்லையே, ஏன்? இதற்கு விடை காண யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்ப்பது உதவும்.

1990ஆம் ஆண்டு வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. மின்கலம் இல்லை. மண்ணெண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, சில துளி எண்ணெயில் எரியும் விளக்கில்தான் பரீட்சைக்குப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் ஒரு பொக்கிஷம். அக்காலத்தை இனிமையானதென்று சொல்ல வரவில்லை. பதுக்கி விற்றவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுக் காசு வந்த வீடுகள் மற்ற வீடுகளைவிடச் சமாளித்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "சீனி இல்லை, பனங்கட்டியோடு குடியுங்கோ" என்று தேநீரைக் கொடுத்த எந்தத் தாயும் தலைகுனியவில்லை. இல்லாமை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே அதை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மறைக்காததால் உதவி கேட்பதும் கொடுப்பதும் இயல்பாக நடந்தன.

இங்கே நிலைமை நேர்மாறு. கடைகளில் எல்லாம் நிரம்பி வழிகின்றன. பக்கத்து வீட்டார் வாங்குகிறார்கள்; நம்மால் முடியவில்லை. இது தனியாக வரும் பஞ்சம். தனியாக வருவதால் அது தன் குற்றம் போலவே தோன்றுகிறது. எனவே மறைக்கிறோம். மறைப்பதற்கும் செலவு உண்டு. கடன் அட்டையில் 3,000 டொலர் நின்றுவிட்டால், 22 சதவீத வட்டியில் மாதம் 55 டொலர் வட்டிக்கே போகிறது. ஒருவரிடம் வாய்திறந்து "இந்த மாதம் கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லாமல் இருப்பதற்கு நாம் கட்டும் வரி அது.

ஊருக்கும் உண்மையைச் சொல்ல முடிவதில்லை. 2022இல் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அங்கே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களிடம் இங்கே வாடகை ஏறிவிட்டதென்று எப்படிச் சொல்வது? ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. நாம் அனுப்பும் 100 டொலர் அங்கே பெருந்தொகையாகத் தெரிகிறது. ஆனால் உழைப்பதும் இங்கே, வாடகை கட்டுவதும் இங்கே, இரண்டும் டொலரில்தான் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. அனுப்பாமல் இருக்கவும் மனம் இடம் தராது. இது தமிழ்நாட்டிலிருந்து வந்த அன்பர்களுக்கும் புதிதல்ல. தங்கையின் கல்யாணமும் தகப்பனாரின் மருத்துவமும் எவர் சம்பளத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நாமே வைக்கும் விலை

வாடகையை நாம் நிர்ணயிப்பதில்லை. காப்புறுதிக் கட்டணம் நம் கையில் இல்லை. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பதில் வாக்காளர் என்ற அளவில் ஒரு சிறு பங்கு உண்டு. 2013இல் நியூ ஜேர்சி வாக்காளர்கள்தான் கூலியை விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். ஆனால் முழுக்க முழுக்க நாமே நிர்ணயிக்கும் விலை ஒன்று இருக்கிறது. நம் சமூகத்தில் ஒருவராக நடமாடுவதற்கான விலைதான் அது.

பொருளியலின் தந்தை எனப்படும் அடம் ஸ்மித், 1776இல் வெளிவந்த தமது நூலில் அத்தியாவசியப் பொருள் எது என்ற கேள்விக்கு ஒரு நுட்பமான பதில் கூறினார். உயிர்வாழத் தேவையானது மட்டும் அத்தியாவசியமல்ல. அது இல்லாவிட்டால் மரியாதையாக வெளியே நடமாட முடியாது என்று ஊர் வழக்கம் ஆக்கிவிட்டதும் அத்தியாவசியமே என்றார். கிரேக்கரும் ரோமரும் லினன் சட்டை இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்தில் ஒரு கூலியாள்கூட அது இல்லாமல் நாலு பேர் முன் வர வெட்கப்படுவான் என்று காட்டினார். தோற்சப்பாத்தும் அப்படியே, இங்கிலாந்தில் அது அவசியம், பிரான்சில் இல்லை. ஆக, ஏழையின் செலவுப் பட்டியலில் ஒரு பகுதியை அயலவர்களே எழுதுகிறார்கள்.

நம்மிடையே அந்தப் பட்டியல் எப்படி நீள்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபம். சாமத்தியச் சடங்குக்குக் கல்யாணத்தை ஒத்த மேடை. அரங்கேற்றத்துக்கு இசைக்குழு, ஒளிப்பதிவு, நானூறு பேருக்குச் சாப்பாடு. அழைக்கப்பட்டவர் கொண்டுபோக வேண்டிய உறைக்கும் சொல்லாமலே ஒரு தொகை நிர்ணயமாகிவிடுகிறது. வசதி உள்ளவருக்கு அது ஒரு மாலைப்பொழுது. 69 டொலர் வித்தியாசத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு அழைப்பு வந்தால் என்ன ஆகும்? உறையில் வைப்பதற்கு இல்லாதவர்கள் வருவதை நிறுத்துகிறார்கள். முதலில் விழாக்களுக்கு, பிறகு, அதே முகங்களைச் சந்திக்க வேண்டுமே என்று கோயிலுக்கும். பிள்ளைகள் தமிழ் வகுப்பை விடுகிறார்கள். "வேலை கூட" என்று காரணம் சொல்லப்படுகிறது. நாமும் நம்பிவிடுகிறோம். வாடகை வீட்டைப் பறிக்கலாம். ஆனால் உறவைப் பறிப்பது வாடகையல்ல.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் நியாயமான மனிதர்களிடமிருந்தே வருபவை. "உழைத்துச் சேர்த்தோம், பிள்ளைக்கு ஆசையாகச் செய்கிறோம், அதில் மற்றவருக்கு என்ன?" என்பது முதலாவது. ஆசையாகச் செய்வதில் பிழையேதுமில்லை. அதனால் கலைஞர்களும் சமையற்காரரும் பிழைக்கிறார்கள். ஆனால் செய்வது வேறு, செய்யாதவரைக் குறைவாக எண்ணுவது வேறு. "அவர்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லையே" என்று காரில் திரும்பும்போது பேசும் ஒரு வசனமே விலையை ஏற்றுகிறது. பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு மூத்தவர்களுடையது. "நாங்கள் இரண்டு பெட்டியோடு வந்து முன்னேறவில்லையா?" என்கிறார்கள். முன்னேறினார்கள்; அதை மதிக்கிறோம். ஆனால் எல்லோரும் ஒரே வாசலால் வரவில்லை. பட்டத்தோடும் வேலைக் கடிதத்தோடும் வந்தவரையும், வழக்கு முடியும்வரை வருடக்கணக்கில் காத்திருந்த அகதியையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. ஊரில் பெற்ற பட்டம் இங்கே செல்லாமற்போக, முதலிலிருந்து தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். ஒருவரின் வெற்றி மற்றவரின் பற்றாக்குறைக்குச் சாட்சியாகாது.

என்ன செய்யலாம்?

வடமராட்சியில் தொண்டைமானாற்றங்கரையில் செல்வச் சந்நிதி கோயில் இருக்கிறது. அங்கே குடிகொண்டிருக்கும் முருகனை அன்னதானக் கந்தன் என்றே ஊரார் அழைப்பர். மடங்களில் பந்தியில் இருப்பவரிடம் "நீ கொடுத்தவனா, வாங்க வந்தவனா?" என்று எவரும் கேட்பதில்லை. கொடுத்தவரும் அதே பந்தியில்தான் இருக்கிறார். பசிக்கு வந்தவரும் பிரசாதத்துக்கு வந்தவரும் ஒரே வரிசை. வாங்குகிறவரின் மரியாதைக்கு எந்தச் சேதமும் வராமல் கொடுப்பதற்கு நம் முன்னோர் கண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை உணவோடு நிறுத்திவிடாமல் மற்ற விஷயங்களுக்கும் நீட்டினால் என்ன?

உதாரணமாக, தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் கட்டணம் கட்டுவதை ஒரு மூடிய உறை மூலம், இயன்றதை இடும் முறையாக்கலாம். பொருளாளர் ஒருவருக்குத் தவிர மற்றவருக்குத் தெரியத் தேவையில்லை. பிறந்தநாளைக் கோயிலில் ஓர் அருச்சனையோடும் சர்க்கரைப் பொங்கலோடும் கொண்டாடும் வழக்கத்தை வசதி உள்ளவர்களே முதலில் தொடங்க வேண்டும். இல்லாதவர் தொடங்கினால் அது இல்லாமை எனப்படும். இருப்பவர் தொடங்கினால் அது வழக்கமாகிவிடும். அழைப்பிதழில் "அன்பளிப்பு வேண்டாம், வருகையே போதும்" என்று எழுதுவோர் அதை மனதார எழுதட்டும்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு 1975ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் உழைப்பு வருமான வரிச்சலுகை உண்டு. தகுதியுள்ளவர்களில் ஐவரில் ஒருவர் அதைக் கேட்பதே இல்லை என்று வரித் திணைக்களமே கூறுகிறது. நியூ ஜேர்சி மாநிலம் அத்தொகையில் 40 சதவீதத்தைத் தன் பங்காகச் சேர்த்துக் கொடுக்கிறது. இதை வாங்குவது பிச்சை என்று நினைத்து விலகுவோர் நம்மவரிலும் உண்டு. வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு பெறும் வசதியுள்ளவர் எவராவது அதைப் பிச்சை என்று நினைத்ததுண்டா? இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. வரிக் காலத்தில் ஒரு சில ஞாயிற்றுக்கிழமைகளில், கோயில் நூலகத்தின் ஒரு மூலையில், கணக்காளர் இருவர் மேசை போட்டு உட்கார்ந்தால் பல குடும்பங்களுக்குச் சேர வேண்டியது சேரும்.

இவை எதுவும் வாடகையைக் குறைக்கா. மாதக் கடைசியில் வரும் நெருக்கடி நாளையே தீர்ந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. சம்பளம் போதாதது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் குற்றமல்ல. ஆனால் போதாத குடும்பம் நம் மத்தியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமற் போனால், அந்தக் குற்றத்தில் சந்தைக்கோ அரசாங்கத்துக்கோ பங்கில்லை. அந்த விலையை வைப்பவர்கள் நாம். அதைக் குறைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த முறை சில மாதங்களாகக் காணாத ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, "வேலை கூடவாம்" என்று விட்டுவிடாமல் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்து, "வெறுங்கையோடு வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்வோம்.